கையுறைப் பாக்கெட்டில் தாஸுக்குக் கிடைத்த வரி

பேக்கிங் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் சுஜிதா என்ற பிள்ளை கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி போட்டிருந்தாள். நம்முடைய கையுறைப் பாக்கெட்டில் சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று ஒரு பச்சை இலை முத்திரை இருக்கிறது. அதன் பக்கத்திலேயே, 'இயற்கை ரப்பர் பாலில் செய்தது. சிலருக்கு ஒவ்வாமை வரலாம்' என்று தடித்த எழுத்தில் ஒரு வரியும் இருக்கிறது. வீட்டுக்கு வா என்று கூப்பிட்டுவிட்டு நாய் கடிக்கும் என்று பலகை வைத்த மாதிரி இருக்கிறதே, இதை யார் போட்டது என்று கேட்டிருந்தாள். ஓய்வு பெற்ற சாமுவேல் அண்ணனைக் கேள் என்று யாரோ என்னை மாட்டிவிட்டார்கள். அந்தச் சாமுவேல் நான்தான்.

நான் பள்ளிக்கூடம் போனது மழைக்கு ஒதுங்கின மாதிரி. மழை விட்டதும் கிளம்பி வந்துவிட்டேன். அதனால் நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். எழுத்துப் பிழை எல்லாம் அவள் திருத்திவிட்டாள். பொறாமையை மட்டும் திருத்த முடியவில்லை. அது முழுக்க என்னுடையது.

குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது நம் கம்பெனி. பாத்திரம் தேய்க்க, தோட்ட வேலை செய்ய என்று வீட்டுக்கு உபயோகமான கையுறைகள். நான் வேலை பழகிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: தொட்டி கழுவினேன், திட்டு வாங்கினேன், மறுபடி தொட்டி கழுவினேன். அதில் சொல்ல வேறொன்றும் இல்லை.

கையுறை செய்கிற விதம் வெளியாட்களுக்கு வேடிக்கையாக இருக்கும். ஒரு பலகையில் வரிசையாகப் பீங்கான் கைகள் தலைகீழாகத் தொங்கும். அந்தப் பலகையைச் சக்கரம் சுற்றி இறக்கினால், மருந்து கலந்த ரப்பர் பால் தொட்டியில் கைகள் முங்கும். மெல்லத் தூக்கினால் பீங்கானின் மேல் பாலாடை மாதிரி ஒரு தோல் படிந்து வரும். அதை அடுத்து வெந்நீர்த் தொட்டியில் ஊற வைத்து, அடுப்பில் வேக வைத்து, ஒட்டாமல் இருக்கச் சோளமாவுப் பொடி தூவி உருவி எடுத்தால் கையுறை.

பால் தொட்டிச் சக்கரம் கிறிஸ்துதாஸ் கையில் இருந்தது. எல்லோருக்கும் அவன் தாஸ். வெந்நீர்த் தொட்டி என் கையில். பாலில் கைகளை முக்கி எடுக்கும் அவன் வேலைக்குப் பெயர் முக்கு வேலை. என் வேலைக்குப் பெயர் எதுவும் கிடையாது. ஊற வைத்ததை எடுக்கிறவன், அவ்வளவுதான். சக்கரத்தை வேகமாகச் சுற்றினால் பாலில் குமிழி விழும். மெதுவாகச் சுற்றினால் விரல் நுனியில் பால் கட்டும். தாஸ் சுற்றினால் இரண்டும் நடக்காது. கண்ணை மூடிக்கொண்டு ஏதோ பாமாலையை முணுமுணுத்தபடி சுற்றுவான். பாட்டு முடியும்போது பலகை சரியாக மேலே நிற்கும். நானும் ஒருநாள் அவன் இல்லாதபோது பாடிக்கொண்டே சுற்றிப் பார்த்தேன். பாட்டு நன்றாக வந்தது. கையுறைகள் அம்மை போட்ட மாதிரி வந்தன.

எனக்கு அவனைப் பிடிக்காமல் போனதற்கு அது மட்டும் காரணமில்லை. பாக்கெட்டில் போட ஒரு கை வேண்டும் என்று ஒருமுறை படம் எடுக்கிறவர் வந்தார். எங்கள் எல்லோரையும் வரிசையாக நிறுத்திக் கையை நீட்டச் சொன்னார். என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெந்நீரிலேயே கிடந்து, அவித்த மரச்சீனிக் கிழங்கு மாதிரி இருந்தது அது. கையுறை போடாமல் பாத்திரம் தேய்த்தால் என்ன ஆகும் என்று காட்டுகிற படத்துக்கு இதை வைத்துக்கொள்ளலாம் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், நான் சிரிக்காவிட்டால் இன்னும் சிரிப்பார்கள். தாஸின் கையைப் பார்த்ததும் அவர் வேறு யாரையும் பார்க்கவில்லை. அன்றிலிருந்து அவன் கை பாக்கெட் பாக்கெட்டாகக் கப்பல் ஏறியது. நான் மண்டைக்காட்டுக் கடற்கரையைத் தாண்டியதில்லை.

வெளிநாட்டில் வாங்குகிறவர்கள் பச்சை இலை முத்திரை இருந்தால்தான் எடுப்போம் என்று சொன்ன பிறகுதான் பெனிட்டா மேடம் வந்தார். தர அதிகாரி. மார்த்தாண்டத்துக்காரர். தொட்டி அறைக்குள் வரும் முன்பு வளையல், மோதிரம், கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடுவார். பவுடர், பூ, வாசனை எதுவும் கிடையாது. உள்ளே வந்தால் உட்கார மாட்டார். ஒரு கையுறையை எடுத்தால் முதலில் உள்பக்கத்தை வெளியே திருப்புவார். விரல் இடுக்கைத் தடவுவார். அதைத் தன் முழங்கையின் உள்மடிப்பில் வைத்து, அங்கே தோல் மெலிசாம், மெல்லத் தேய்ப்பார். அதற்கப்புறம் ஒரு துண்டு வெட்டி, நல்ல தண்ணீர் உள்ள புட்டியில் போட்டு, மூடியின் மேல் பென்சிலால் எழுதுவார். இவ்வளவும் நடக்கும்போது ஒரு வார்த்தை பேச மாட்டார். நாங்கள் தீர்ப்புக்கு நிற்கிறவர்கள் மாதிரி நிற்போம். கடைசியில், நன்றாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், "இருக்கட்டும்" என்பார். அந்த "இருக்கட்டும்" வாங்க எனக்கு அவ்வளவு ஆசை. ஆனால் அவர் அதைச் சொல்லும்போதெல்லாம் தாஸின் பக்கம்தான் முகம் இருக்கும்.

முதலாளிக்குப் பச்சை இலை கிடைப்பதில் சந்தேகமே இல்லை. ரப்பர் மரத்தில் வருகிறது, மண்ணில் போட்டால் மக்குகிறது, பிளாஸ்டிக் இல்லை, இலை நமக்குத் தராமல் வேறு யாருக்குத் தருவார்கள் என்பது அவர் கணக்கு. மேடம் மட்டும் இல்லை என்றார். மண்ணுக்கும் தண்ணீருக்கும் கேடு இல்லை என்றால் மட்டும் போதாது, அதைப் போடுகிற உடம்புக்கும் கேடு இருக்கக் கூடாது என்று முத்திரை கொடுக்கிறவர்கள் கேட்கிறார்கள் என்றார். ரப்பர் பாலில் ஒரு புரதம் இருக்கிறதாம். சிலருடைய உடம்புக்கு அது ஆகாதாம். தோல் தடிக்கும், கண் அரிக்கும், மூச்சு இழுக்கும். போதாததற்கு, நாங்கள் தூவுகிற பொடி அந்தப் புரதத்தைத் தூக்கிக்கொண்டு காற்றில் பறக்குமாம். முதலாளி, இயற்கையான பொருள் எப்படி மேடம் கெடுதல் செய்யும் என்று விடாமல் கேட்டார்.

"கொல்லாங்கொட்டைப் பாலும் மரத்துலேருந்துதான் வருது, முதலாளி. அதைக் கையில பூசிக்கிட்டு யாராவது வீட்டுக்குப் போவாங்களா?" என்றார் மேடம்.

முந்திரி ஆலையில் கை வெந்த பெண்கள் எங்கள் எல்லோருடைய வீட்டிலும் இருக்கிறார்கள்.

அந்தப் புரதம் வெந்நீரில் கழுவினால்தான் போகும் என்று மேடம் சொன்னபோது என் நெஞ்சு ரெண்டு அங்குலம் விரிந்தது. கழுவுகிறவன் யார்? நான். ஆனால் ஒன்று விளங்கவில்லை. டிவியில் புரதம் புரதம் என்று டப்பாவில் அடைத்து விற்கிறார்கள். டாக்டர் என் வீட்டுக்காரியைப் புரதம் சாப்பிடச் சொல்கிறார். இங்கே இவர் அதைக் கழுவிச் சாக்கடையில் விடச் சொல்கிறார். கேட்டால் சிரிப்பார்கள் என்று கேட்கவில்லை. தொட்டித் தண்ணீர் வெளுப்பாகும் போதெல்லாம் மாற்றினேன். விறகுச் செலவைப் பார்த்து முதலாளி முறைத்தார். மேடம் பார்க்கிறார் என்பதால் மறுபடி மாற்றினேன்.

சுஜிதா பிள்ளே, நீ இதை நன்றாகக் கேள். எனக்கு இன்னொருத்தி மேலும் பொறாமை இருந்தது. அவளை நான் பார்த்ததே இல்லை. ஏதோ ஒரு தேசத்தில் பாத்திரம் கழுவுகிற பெண். அவள் கை சிவக்கக் கூடாது என்று இங்கே புட்டி புட்டியாகத் துண்டு வெட்டிப் போடுகிறார்கள், ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள், கூட்டம் போடுகிறார்கள். என் கை முப்பது வருஷமாக வெந்துகொண்டிருக்கிறது, அதற்கு ஒரு புட்டி உண்டா? இதை ஒருநாள் தொட்டியோரத்தில் நின்று சத்தமாகவே புலம்பினேன். மேடம் பின்னால் நின்றது எனக்குத் தெரியாது. மறுநாள் காலை அவர் ஒரு பெரிய குலை மட்டி வாழைப்பழத்துடன் வந்தார்.

டீ நேரத்தில் ஆளுக்கொரு பழம் கொடுத்துவிட்டு, வாழைப்பழம் தின்றால் யாருக்காவது வாய் அரிக்குமா என்று கேட்டார். ரப்பர் பால் ஆகாத உடம்புக்குப் பல நேரம் வாழைப்பழமும் ஆகாதாம். எங்களுக்கு இது வேடிக்கையாக இருந்தது. நம் ஊரில் வாழைப்பழம் ஆகாதவன் என்றால் அவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்?

இதற்குள் யாரோ ஒரு புரளியைக் கிளப்பிவிட்டார்கள். அரிப்பு இருக்கிறவர்களைப் பொடி பறக்காத பேக்கிங் அறைக்கு மாற்றப் போகிறார்கள் என்று. பேக்கிங் அறையில் இரண்டு ஃபேன் இருக்கிறது, ஜன்னலும் இருக்கிறது. அவ்வளவுதான், ஒவ்வொருத்தராக வாய் அரிக்கிறது மேடம், தொண்டை அரிக்கிறது மேடம் என்று ஆரம்பித்தார்கள். நான் ஒரு படி மேலே போய், வாழை இலையில் சோறு தின்றாலே அரிக்கும் என்றேன்.

"அப்ப அந்தக் கையில என்ன அண்ணே, இன்னொரு பழமா?" என்று கேட்டார் மேடம்.

பார்த்தேன். இரண்டாவது பழம் பாதி உரித்த நிலையில் இருந்தது. கூட்டம் சிரித்து முடிக்க நேரமாயிற்று.

தாஸ் மட்டும் எனக்கு ஒன்றும் இல்லை மேடம் என்றான். அவன் பழத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டதை நான் பார்த்தேன். எனக்கு அவனைப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் வேலை. என்ன தின்கிறான், யாரிடம் சிரிக்கிறான், எத்தனை தரம் மேடம் அவன் பக்கம் திரும்பினார் என்று. அதே நேரத்தில் மேடமும் அந்தச் சட்டைப் பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கையை நீட்டச் சொன்னார். முழுக்கைச் சட்டையை மேலே ஏற்றினார். முன்கை முழுக்கக் கொசு கடித்த மாதிரி தடிப்புத் தடிப்பாக இருந்தது. இத்தனை நாள் அவன் முழுக்கைச் சட்டை போட்டது ஸ்டைலுக்கு என்று நினைத்து, நானும் கடன் சொல்லி ஒன்று தைத்திருந்தேன்.

மறுநாளே அவனைப் பேக்கிங் அறைக்கு மாற்றினார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. அரிக்கிறது என்று கூவினவன் நான். இல்லை என்றவனுக்கு ஃபேன். அவனோ அழாத குறையாக மேடத்திடம் கெஞ்சினான், என்னைச் சக்கரத்துக்கே விட்டுவிடுங்கள் என்று. மேடம் மசியவில்லை. ஃபேன் காற்றில் உட்கார்ந்து மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த அவனைப் பார்த்து எனக்கு இன்னும் எரிந்தது. கிடைத்ததை அனுபவிக்கவும் தெரியாத சவம்.

முத்திரைக்காகப் பார்வையிட இரண்டு பேர் வந்தார்கள். மூத்தவர் கண்ணாடி போட்ட ஒரு அம்மா. பின்னால் எழுதிக்கொள்ள ஒரு தம்பி. அன்று காலை மேடம் அவர்களை அழைத்துவர ஸ்டேஷனுக்குப் போயிருந்த நேரத்தில், புதிதாகச் சக்கரத்தில் நின்ற ஆள் முக்கி எடுத்த பலகையில் குமிழிக்கு மேல் குமிழி. முதலாளிக்கு வியர்த்துவிட்டது. ஓடிப் போய்த் தாஸைக் கூட்டி வந்தார். தாஸ் முகத்தைப் பார்க்க வேண்டுமே, கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது. பாட்டை முணுமுணுத்துக்கொண்டு சுற்றினான். கண்ணாடிபோல் வந்தது.

மேடம் விருந்தாளிகளுடன் உள்ளே வந்து தாஸைப் பார்த்ததும் நின்றுவிட்டார். அவர் வாய் திறப்பதற்குள் முதலாளி அவர்களையும் எங்களையும் பொடி தூவும் அறைக்குள் கூட்டிப் போய்விட்டார்.

கையுறையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க எங்கள் கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு. முறைப்படி பார்க்கக் காற்றடிக்கும் இயந்திரம் இருந்தது. அதற்கு நேரம் பிடிக்கும். நாங்கள் உருவின கையோடு கையுறையை வாயில் வைத்துப் பலூன் மாதிரி ஊதி, கன்னத்தில் வைத்துப் பார்ப்போம். காற்று கசிந்தால் கன்னத்தில் தெரியும். தாஸ் ஒரே ஊதலில் ஐந்து விரலையும் சேவல் கொண்டை மாதிரி விறைத்து நிற்க வைப்பான். நான் ஊதினால் கட்டை விரல் மட்டும் எழும்பும், மற்றது சொல் பேச்சுக் கேட்காது. முதலாளி பெருமையாக, தாஸே, அம்மாவுக்கு ஊதிக் காட்டு என்றார்.

பொடி படிந்த கையுறையை எடுத்தான். ஊதினான். ஐந்து விரலும் எழுந்தன. எழுதிக்கொண்டிருந்த தம்பி கைதட்டினான். எனக்கு வயிறு எரிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அவனுடைய உதடு வீங்க ஆரம்பித்ததைப் பார்த்தபோதும் அந்த எரிச்சல் உடனே நிற்கவில்லை. முதலில் உதடு, அடுத்துக் கண் இமை. இளப்பு வந்தது, அதாவது மூச்சு இழுத்தது. துருப்பிடித்த கதவைத் திறக்கிற மாதிரி ஒரு சத்தம். கையுறையைக் கீழே போடாமல் பிடித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டான்.

மேடம்தான் முதலில் ஓடி வந்தார். அவனை வெளியே தூக்கு, பொடிக்கு வெளியே தூக்கு என்றார். பக்கத்தில் நின்றது நான். தூக்கினேன். பார்க்க ஒல்லியாக இருப்பான், கனம் இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவில்லை. ஆட்டோவில் அவன் தலையை என் மடியில் போட்டுக்கொண்டு போனோம். வழி முழுக்க, மூச்சு விடுலே மக்கா, மூச்சு விடு என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அதுவரைக்கும் அவனை நான் மக்கா என்று கூப்பிட்டதில்லை. அவனுக்கு நினைவிருக்காது, நானும் நினைவுபடுத்தவில்லை.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, முகத்தில் காற்றுக் குழாய் வைத்து, சாயங்காலம் அவன் பேசுகிற நிலைக்கு வந்தான். டாக்டர், இன்னொரு முறை இப்படி ஆனால் வண்டி வர நேரம் இருக்காது என்று சொல்லிவிட்டுக் கேட்டார், வீட்டில் வேறு யாருக்காவது ரப்பர் ஆகாதா, பலூன் ஊதினால் உதடு வீங்குமா என்று. தாஸ், ஆஸ்பத்திரிக்கு வந்திருந்த தன் மனைவியைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு முதலாளி வந்தார். பழம் வாங்கி வந்திருந்தார். ஆரஞ்சு, வாழை இல்லை. மனிதர் கெட்டவர் இல்லை, பயந்திருந்தார். தாஸின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சொன்னார். பார்வையிட வந்தவர்கள் நாளை உன்னைக் கேட்பார்கள். சின்ன வயதிலிருந்தே உனக்கு இளப்பு உண்டு என்று மட்டும் சொல். பச்சை இலை வந்துவிடும். உன்னைச் சக்கரத்துக்கே மாற்றி, முக்கு வேலைக்கு மேஸ்திரி ஆக்குகிறேன். பொடி பறக்காமல் கண்ணாடி அடைத்துத் தருகிறேன்.

எனக்கு அதைக் கேட்டதும் என்ன தோன்றியது தெரியுமா? சாகப் பிழைக்கக் கிடந்தவனுக்கு மேஸ்திரி வேலை. நான் சாகக் கிடந்தால் எனக்கு ஆரஞ்சுகூட வராது.

முதலாளி போன பிறகு, சும்மா இருக்க முடியாமல் அவனைச் சீண்டினேன்.

"கொள்ளாம் மேஸ்திரி. நாளைக்கு எனக்க தொட்டியையும் நீதான் மேய்க்கப் போறியா?"

அவன் சிரிக்கவில்லை. "லேய் சாமேலு, எனக்க மவளுக்கு வேதப்பள்ளியில பலூன் ஊதக் குடுத்தாங்க கேட்டியா. வாய்ச்சுண்டு வீங்கிப் போச்சு. நான் அன்னைக்கு எறும்பு கடிச்சதுன்னு சொல்லிட்டேன்."

"எதுக்குலே?"

"வேற என்ன சொல்ல? அப்பனுக்க தொழிலு ரப்பரு. அப்பனுக்க கை பாக்கெட்டுல இருக்கு."

நகைச்சுவையாக ஏதாவது தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை. ஒரு ஆரஞ்சை உரித்துப் பாதி அவனுக்குக் கொடுத்தேன்.

மறுநாள் அலுவலக அறையில் கண்ணாடிக்கார அம்மா, அந்தத் தம்பி, முதலாளி எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். மேடம் அந்த அறையிலும் நின்றுகொண்டுதான் இருந்தார். தாஸ் நடக்கத் தள்ளாடினான் என்று பிடித்து வந்தவன் நான். அதனால் என்னையும் வெளியே போகச் சொல்லவில்லை. தாஸ் ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் அவனுக்கு மேஸ்திரி வேலை, கம்பெனிக்கு இலை, எங்கள் எல்லோருக்கும் வேலை நிலைக்கும். இல்லை என்றால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. அந்த அம்மா, உங்களுக்கு முன்பே இளப்பு இருந்ததா என்று கேட்டார். முதலாளி மேசையின் மேல் இருந்த பாக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல, அம்மா. சின்னதுல எனக்குச் சளிகூடப் பிடிக்காது. இங்க வந்த பொறவுதான். முதல்ல கை, பொறவு கண்ணு, பொறவு நெஞ்சு. நான்தான் மறச்சேன். மேடம் மாத்தினாவ, நான்தான் திரும்பப் போனேன். முதலாளியக் குத்தம் சொல்லல." கொஞ்சம் மூச்சு வாங்கினான். "எனக்க மவளுக்கும் ஆகாது. நாளைக்கு அவ ஒரு வீட்டுக்குப் போயி, பச்சை எலை போட்டிருக்கு, நல்லதுதான்னு இத எடுத்து மாட்டுவா. அவளுக்கு எப்படித் தெரியும்? அதுல எழுதணும்."

முதலாளி பாக்கெட்டைக் கையில் எடுத்து, பச்சை இலைக்குப் பக்கத்தில் இப்படி ஒரு வரியைப் போட்டால் யார் வாங்குவார்கள் என்று கேட்டார். ஆகாதவர்கள் வாங்க மாட்டார்கள், அதற்குத்தான் என்றார் மேடம். அந்த வரி இல்லாத பாக்கெட்டுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றும் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. கையில் இருந்த எவர்சில்வர் டப்பாவைத் திறந்து மோதிரத்தை எடுத்துப் போட்டுக்கொண்டார். வேலை முடிந்தது என்று அர்த்தம்.

இலை உடனே வரவில்லை. பொடியை அடியோடு நிறுத்தச் சொன்னார்கள். அதற்குப் பதில் வழுவழுப்புக்கு வேறு ஒரு கழுவல் வந்தது. வெந்நீர் மாற்றுவதற்கு ஒழுங்கு வந்தது. வாயால் ஊதுவது ஒழிந்தது. கழுவுகிறவர்களுக்கும் கையுறை கொடுக்க வேண்டும் என்றார்கள். எனக்கு ரப்பர் இல்லாத நீலக் கையுறை கொடுத்தார்கள். முப்பது வருஷம் கையுறை செய்தவன் முதல்முறையாகக் கையுறை போட்டது அன்றுதான். அது வேறு கம்பெனிச் சரக்கு. நன்றாகத்தான் இருந்தது, மேடத்திடம் மட்டும் சொல்லவில்லை.

அந்த வரி என்ன அளவில் இருக்க வேண்டும் என்று அச்சகத்துக்காரருடன் ஒரு வாரம் சண்டை. அவர் எறும்பு அளவில் போட்டுக் கொண்டு வந்தார். மேடம் இலையின் பக்கத்தில் ஸ்கேலை வைத்தார். இலை எவ்வளவு உயரமோ எழுத்துகள் அவ்வளவு இடத்தைப் பிடிக்க வேண்டும் என்றார். அவ்வளவு இடம் பாக்கெட்டில் வேறு எங்கும் இல்லாததால் தாஸின் கைப் படத்தை நீக்கிவிட்டார்கள். கடைசிக் கடைசியாக முத்திரை வந்தது. ஆர்டரும் வந்தது. முதலாளி கேக் வெட்டினார்.

தாஸ் அந்தக் கேக்குக்கு இல்லை. ரப்பர் வாசம் இருக்கிற இடத்தில் அவன் இருக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மேடம் யாரிடமோ சொல்லி ஆரல்வாய்மொழியில் காற்றாலைக்குக் காவல் வேலை வாங்கிக் கொடுத்தார். எனக்குத்தான் சக்கரம் கிடைத்தது. எத்தனை வருஷம் ஆசைப்பட்ட சக்கரம். சுற்றினேன். குமிழி வந்தது, பழகப் பழகக் குறைந்தது. நல்ல முக்குக்காரன் ஆனேன் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் பாருங்கள், அவனோ உலகத்திலேயே பெரிய ஃபேனுக்கு அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறான். ஒருமுறை பார்க்கப் போனேன். கழுத்து வலிக்க மேலே பார்த்துவிட்டு, இதுக்குச் சுவிட்ச் எங்கலே இருக்கு என்று கேட்டேன். நன்றாக மூச்சு விட்டுச் சிரித்தான். மூச்சு விட்டதைத்தான் கவனித்தேன். சிரித்தது எரிச்சலாகத்தான் இருந்தது.

போன மாதம் கோட்டாறு போயிருந்தேன். பாத்திரக் கடை ஒன்றில் நம் பாக்கெட்டுகள் கொக்கியில் தொங்கின. பழைய பழக்கத்தில் கோணலாக இருந்ததை நேராக்கிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூட உடுப்புப் போட்ட மகளுடன் ஒரு பெண் வந்தாள். பாக்கெட்டை எடுத்தாள். இலையைப் பார்த்தாள். அந்த வரியில் நின்றாள். பாதி வாய்விட்டே படித்தாள்.

"ஏட்டி, உனக்குப் பேண்ட் எய்டு ஒட்டினா தடிக்கும்லா? இது நமக்கு ஆகாது பிள்ளே" என்று மகளிடம் சொல்லிவிட்டு, பாக்கெட்டைக் கொக்கியில் மாட்டினாள். கடைக்காரரிடம், ரப்பர் இல்லாதது இருக்கா அண்ணே என்று கேட்டாள். அவர் உள்ளேயிருந்து நீல நிறத்தில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். போய்விட்டாள்.

கடைக்காரர் என்னைப் பார்த்துச் சலித்துக்கொண்டார். நல்ல சரக்கு, எவனோ ஒரு வரியை எழுதி வியாபாரத்தைக் கெடுத்து வைத்திருக்கிறான் என்றார். அது எவன் என்று எனக்குத் தெரியும் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. சொல்லவில்லை. சொன்னால் அவன் பெயரைச் சொல்ல வேண்டி வரும்.

நான் முக்கியும் கழுவியும் அனுப்பிய கையுறைகளைப் போட்டு எத்தனையோ பேர் பாத்திரம் தேய்த்திருப்பார்கள். அவர்களில் ஒருவரையும் நான் கண்ணால் பார்த்ததில்லை. போடாமல் வைத்துவிட்டுப் போன இந்த ஒருத்தியை என் கண்ணால் பார்த்தேன். அவள் தாஸுடைய ஆள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வயிற்றெரிச்சலோடுதான் நடந்தேன்.